‘பறக்கை பாட்டா வீடு’ குழு, வியாழன் முதல் சனி வரை

வியாழன்

பகவதி: எல்லோருக்கும் ஒரு விஷயம். காலேஜில் கடைசி வருட புராஜெக்டுக்காக ஒன்று செய்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு, பாட்டு ஓட ஓட, தரையில் விரித்த துணியில் வண்ணம் தீட்ட வேண்டும். நான் மட்டும் இல்லை, நம் வீட்டு ஆட்கள் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை பாட்டாவின் ஆண்டுத் திதிக்கு எப்படியும் வருவீர்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு மணி நேரம் போதும். இடம் பழைய வீட்டு ஹால்.

மீனா மைனி: பழைய வீடு என்றால் சரி

மீனா மைனி: எங்கள் வீடு என்றால் நான் ஊரிலேயே இல்லை

ஐயப்பன் அண்ணன்: சுவரைக் காட்டு அவர்களுக்கு

மீனா மைனி: (படம்)

செண்பகம் அத்தை: என்ன அது நீலமாக. கையா?

மீனா மைனி: கால். அப்புவின் கால். சோபாவுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில். அங்கே எப்படிப் போனது என்று அவனுக்கே தெரியவில்லை. போன ஆடியில் அடித்த பெயிண்ட்.

பகவதி: மைனி, அது ஒத்திகை. துடைத்துக் கொடுத்தேனே

மீனா மைனி: துடைத்தாய். அதற்கு அப்புறம்தான் இவ்வளவு பெரிதாக ஆயிற்று

செண்பகம் அத்தை: கண்ணைக் கட்டிக்கொண்டு என்னத்துக்கு மக்களே வரைய வேண்டும்? எனக்குக் கண்ணைத் திறந்து வரைந்தாலே பூனையும் நாயும் ஒன்றுபோலத்தான் வரும்.

ஆறுமுகம் பெரியப்பா: பகவதி, நல்ல முயற்சி. ஆனால் இதைப் புதிது என்று நினைத்துவிடாதே. இசையைக் கேட்டுப் படம் வரைவது நூறு வருடத்துக்கு மேற்பட்ட சங்கதி. 1911 ஜனவரி 2 அன்று ம்யூனிக் நகரத்தில் ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் கச்சேரி நடந்தது. கேட்கப் போனவர்களில் ஓவியர் காண்டின்ஸ்கியும் ஒருவர். திரும்பி வந்து அதையே படமாகப் போட்டார். கறுப்பாகப் பெரிய பியானோ, பக்கத்தில் வெள்ளம்போல் மஞ்சள். ஆனால் அவர் கண்ணைத் திறந்துதான் வரைந்தார். கண் இல்லாமலே செய்தவர் நம் நாட்டில் இருந்தார். சாந்திநிகேதனில் பினோத் பிகாரி முகர்ஜி. பிறந்ததிலிருந்தே பார்வை மோசம். 1950-களில் கண் ஆபரேஷன் பலிக்காமல் முழுதாகப் போய்விட்டது. அப்புறமும் விடவில்லை. காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினார், தடவித் தடவியே சுவரில் ஓடு பதித்துச் சித்திரம் செய்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார். ஆகவே கண்கட்டு என்பது விளையாட்டல்ல. முதலில் கோட்டுப் பயிற்சி, அதன் பிறகு

ஆறுமுகம் பெரியப்பா: கை தவறிப் போய்விட்டது. மீதி பிறகு.

தாணு சித்தப்பா: பென்ஷன் வந்தும் அண்ணனுக்கு பீரியட் முடியவில்லை

அப்பா (மஸ்கட்): எவ்வளவு செலவு

பகவதி: செலவு இல்லை அப்பா. வடசேரியில் காடாத் துணி எட்டு மீட்டர் வாங்கினேன், அவ்வளவுதான். சுவருக்கு அடிக்கும் ப்ரைமர் அம்மை வீட்டில் மீதி இருந்தது, அதையே ஒரு கோட் அடித்துக் காயவைத்திருக்கிறேன்.

அம்மை: அது மாட்டுத் தொழுவத்துக்கு வைத்திருந்தது

பகவதி: பெரியப்பா, நீங்கள் சொன்னது சரிதான். ராபர்ட் மாரிஸ் என்று ஒரு அமெரிக்கர் 1973-இல் கண்ணை மூடிக்கொண்டு வெறுங்கையால் பென்சில் கரித்தூளை எடுத்துத் தாளில் தேய்த்தார். எத்தனை நிமிடத்தில் முடிப்பேன் என்று முதலிலேயே மனதில் கணக்குப் போட்டுக்கொள்வார். முடித்ததும் எவ்வளவு தப்பியது என்று அந்தத் தாளிலேயே எழுதி வைப்பார். எனக்கு அந்தத் தப்புக் கணக்குதான் பிடித்தது. நானும் அதை எழுதப்போகிறேன்.

தாணு சித்தப்பா: நம் வீட்டில் தப்புக் கணக்கு எழுத எட்டு மீட்டர் போதாது

செண்பகம் அத்தை: ஞாயிற்றுக்கிழமை பிரதமன் பாயசத்துக்குப் பலாச்சக்கை யார் கொண்டு வருகிறீர்கள்?

ஐயப்பன் அண்ணன்: அடைப் பிரதமன் என்றுதானே பேச்சு

செண்பகம் அத்தை: யார் பேசினது

வெள்ளி

பகவதி: ஒத்திகையில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன், ஞாயிறு அன்று அதே கூத்து வேண்டாம்.

பகவதி: ஒன்று, வெறும் துணியைக் கட்டினால் மூக்கோரத்து இடுக்கில் கீழே தெரிகிறது. அப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டேதான் வரைந்தான். அதனால் கண்ணில் பஞ்சு, அதன்மேல் துணி. அப்புறம் கை துணியை விட்டு வெளியே போய்விடுகிறது. ஓரம் நாலிலும் கயிறு ஒட்டிவிட்டேன், விரல் கயிற்றில் இடித்தால் திரும்பிவிட வேண்டும். கலர் சிரட்டையில். ஒரு சுற்று நார் கட்டிய சிரட்டை, இரண்டு சுற்று, மூன்று சுற்று. தடவிப் பார்த்து எடுக்கலாம். எந்தச் சுற்று எந்தக் கலர் என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை.

ஐயப்பன் அண்ணன்: எனக்கு மட்டும்

பகவதி: உங்களுக்குக் கட்டாயம் சொல்ல மாட்டேன். முதலில் மஞ்சள், நீலம், காவி வைத்தேன். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் எல்லாம் சேர்ந்து சாணி நிறம். இப்போது காவிக்குப் பதிலாக வெள்ளை. எப்படிக் குழப்பினாலும் பச்சைக்கு மேல் போகாது.

மீனா மைனி: நீலம் கட்டாயமா

செண்பகம் அத்தை: கரண்ட் இல்லாத நாளில் விடியுமுன் நான் இருட்டில்தான் கோலம் போடுகிறேன். ஒரு புள்ளி தப்பாது. அதையே போடட்டுமா

பகவதி: அத்தை, அதுதான் வேண்டாம். உங்கள் கைக்குக் கோலம் தெரியும், கண் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஒத்திகையிலும் இதேதான். கண்ணைக் கட்டியதும் முதல் பாட்டுக்கு ஆளாளுக்குத் தென்னைமரம். ஐயப்பன் அண்ணன் தென்னைமரம், மைனி தென்னைமரம், அம்மை தென்னைமரமும் ஒரு வீடும். பாட்டு என்னவோ ஓடுகிறது, கை அதன் போக்கில் பழைய பாடத்தை எழுதுகிறது. மரம் வரைந்து முடித்து, இனி என்ன என்று கை தெரியாமல் நிற்கும் பாருங்கள், அங்கேதான் காது உள்ளே வருகிறது. நாதஸ்வரத்துக்கு மைனி கையை எடுக்கவே இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பு, தவிலுக்கு மட்டும் விரல் நுனியால் பொட்டுப் பொட்டாக. எடுத்துக் காட்டினால் நானா போட்டேன் என்கிறார்கள்.

மீனா மைனி: அது நான் போட்டது இல்லை என்றுதான் இப்போதும் சொல்கிறேன்

மீனா மைனி: நன்றாக இருந்தது

தாணு சித்தப்பா: எங்கள் வீட்டு மரம் நாலில் தேங்காய் வெட்ட ஆள் இல்லாமல் கிடக்கிறது. வரைகிறவர்கள் ஏறவும் செய்யலாம்

ஐயப்பன் அண்ணன்: ஈத்தாமொழியில் ஒருவர் மெஷினோடு வருகிறார். நம்பர் அனுப்புகிறேன்

தாணு சித்தப்பா: போன மாதமும் அனுப்புகிறேன் என்றாய்

பகவதி: இன்னும் பாட்டு முடிவாகவில்லை

அம்மை: அப்புவைக் கேட்காதே

ஆறுமுகம் பெரியப்பா: பகவதி, என் யோசனை. சுசீந்திரம் கோவிலில் அலங்கார மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய தூண்கள் நாலு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சிறு தூண்கள் கொத்தாக நிற்கும், தட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். அதைப் பதிவு செய்து ஓட விட்டால், கல்லின் நாதம், துணியின் மௌனம், என்ன பொருத்தம் பார்.

ஐயப்பன் அண்ணன்: அப்பா, போய்த் தட்டினால் நம்மைத் தட்டுவார்கள்

பகவதி: எனக்கு வில்லுப்பாட்டு வேண்டும். அதிலும் பாட்டா குடம் அடித்தது.

அப்பா (மஸ்கட்): கேசட்டா

செண்பகம் அத்தை: அந்தப் பேச்சு வேண்டாம்

பகவதி: ஏன் அத்தை?

செண்பகம் அத்தை: 1982 கோவில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்கு உன் பாட்டா குடத்தில் இருந்தார். சாமியைக் கூப்பிடும் குடியழைப்புக்குப் பாடியது முழுதும் கேசட்டில் எடுத்திருந்தார்கள். அடுத்த வருடம் யாரோ அதற்கு மேலேயே வேறு எதையோ பதிந்து பாதியை அழித்துவிட்டார்கள். சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார், யார் யார் என்று.

தாணு சித்தப்பா: யாரோ இல்லை. என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்

செண்பகம் அத்தை: நான் சொல்லவில்லை

தாணு சித்தப்பா: எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. புளியங்கம்பு என் முதுகில்தான் ஒடிந்தது

ஆறுமுகம் பெரியப்பா: பழையதைக் கிளறுவதில் பயன் இல்லை. பகவதி, தூணைப் பற்றி யோசித்துப் பார்.

பகவதி: கேசட் இப்போது யாரிடம்?

ஐயப்பன் அண்ணன்: பழைய வீட்டுச் சாவி யாரிடமோ அவரிடம்

தாணு சித்தப்பா: சாவி என்னிடம் இருக்கிறது என்று எல்லோரும் பேசுகிறீர்கள். தா என்று ஒருத்தர் கேட்டதில்லை

பகவதி: சித்தப்பா, நான் கேட்கிறேன். சாவியும் கேசட்டும்.

அப்பா (மஸ்கட்): வீட்டுப் பாகம் பிரிப்பதைப் பேசுவதை ஞாயிறு வைக்க வேண்டாம்

தாணு சித்தப்பா: பார்க்கலாம்

செண்பகம் அத்தை: அந்த ஹால் அப்பா போட்ட சிவப்புத் தரை. ஒரு சொட்டு விழக் கூடாது. இப்போதும் முகம் தெரியும்

பகவதி: கீழே தார்ப்பாய் போடுவேன் அத்தை

மீனா மைனி: இரண்டு போடு. அனுபவத்தில் சொல்கிறேன்

சனி

தாணு சித்தப்பா: வீட்டைத் திறந்தேன். பரண் முழுக்கக் கரையான். தகரப் பெட்டிக்குள் இருந்ததால் கேசட் பிழைத்தது. நாடா சுருண்டு வெளியே வந்து கிடந்தது. பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே ஏற்றினேன். வடசேரியில் டெய்லர் கடைக்காரர் இன்னும் டேப் வைத்திருக்கிறார், அங்கேதான் நிற்கிறேன்.

தாணு சித்தப்பா: (குரல் பதிவு, 1:12)

செண்பகம் அத்தை: அப்பா

செண்பகம் அத்தை: அந்தக் குடம் அப்பாதான். இரண்டு அடித்து ஒன்று விடுவார். ஒருத்தருக்கும் வராது அது

அம்மை: வில்லுமணி கேட்கிறது. பின்னால் ஒரு பிள்ளை அழுகிறதே, யார்?

அப்பா (மஸ்கட்): நான் இல்லை

பகவதி: சித்தப்பா, முழுதும் வேண்டும். இதுதான். இதேதான். அந்த விடுகிற இடத்தில் எல்லோரும் கையை என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டும்.

தாணு சித்தப்பா: பதினோரு நிமிடம் சுத்தமாக இருக்கிறது. அப்புறம் இது

தாணு சித்தப்பா: (குரல் பதிவு, 0:47)

மீனா மைனி: இது என்ன இங்கிலீஷில், ஒரே இரைச்சல்

ஐயப்பன் அண்ணன்: பொறுங்கள். கிரிக்கெட் வர்ணனை. ஹோல்டிங் என்கிறான்

ஐயப்பன் அண்ணன்: மொஹிந்தர் அமர்நாத் பந்து. ஹோல்டிங் எல்பி. வெஸ்ட் இண்டீஸ் 140-க்கு ஆல் அவுட். உலகக் கோப்பை ஃபைனல்! 1983 ஜூன் 25!

ஐயப்பன் அண்ணன்: வீட்டில் ரேடியோவை நடுராத்திரி வரைக்கும் வைத்துக் கேட்டது யார்?

அப்பா (மஸ்கட்): நான் எட்டரைக்கே தூங்கிவிடுவேன்

செண்பகம் அத்தை: தாணுவுக்கு அன்றைக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது

தாணு சித்தப்பா: இன்றைக்கும் தெரியாது

ஆறுமுகம் பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ஐயப்பன் அண்ணன்: அப்பா, பெரிய அறையில் கபில்தேவ் படம் ஒட்டியிருந்ததாகச் சொல்வீர்களே

ஆறுமுகம் பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மீனா மைனி: மாமா இங்கே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுதுகிறார், அழிக்கிறார்

ஆறுமுகம் பெரியப்பா: பகவதி, ப்ரைமர் ஒரு கோட் போதாது. இரண்டாவது கோட் குறுக்கே அடி. இல்லையென்றால் துணி கலரைக் குடித்துவிடும்.

தாணு சித்தப்பா: அண்ணன், புளியமரம் இன்னும் நிற்கிறது

அப்பா (மஸ்கட்): தாணு விடு

தாணு சித்தப்பா: விட்டுவிட்டேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. கம்பு மட்டும் எடுத்து வைக்கிறேன்

பகவதி: ஒரு வேண்டுகோள். அதை வெட்ட வேண்டாம். குடம், வில், அப்படியே நடுவில் அறுந்து கிரிக்கெட் வருகிறதே, அதையும் ஓட விடப்போகிறேன். அறுகிற இடத்தில் கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

செண்பகம் அத்தை: ஆண்டு அன்றைக்குக் கிரிக்கெட்டா

அம்மை: வில்லு மட்டும் போதும் மக்களே. பெரியவர்கள் வருவார்கள்

ஐயப்பன் அண்ணன்: எனக்குச் சம்மதம்

அப்பா (மஸ்கட்): ஞாயிறு பேசிக்கொள்ளலாம்

பகவதி: ஞாயிறு நாளைக்கு அப்பா

தாணு சித்தப்பா: சாவி செம்பருத்திச் செடிக்குக் கீழே. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் பேச வருகிறவர்கள் எடுக்க வேண்டாம்

பகவதி: ஆறு பேரில் ஐந்துதான் தேறியிருக்கிறது. அத்தை, அம்மை, மைனி, அண்ணன், தாணு சித்தப்பா. அப்பு இல்லை.

மீனா மைனி: அப்பு அழுகிறான்

ஆறுமுகம் பெரியப்பா: ஆறாவது நான்.

பகவதி: பெரியப்பா, மேற்பார்வை மட்டும்தான் என்றீர்களே

ஆறுமுகம் பெரியப்பா: முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வரை என்றேன். ஒரு நாள் பார்க்காமல் வரைகிறேன்.

தாணு சித்தப்பா: அண்ணனுக்குக் கண்ணை நான்தான் கட்டுவேன்

ஆறுமுகம் பெரியப்பா: சரி

தாணு சித்தப்பா: இறுக்கித்தான் கட்டுவேன்

ஆறுமுகம் பெரியப்பா: சரி என்றேனே, எலே

செண்பகம் அத்தை: சக்கையா அடையா, இன்னும் ஒருத்தர் சொல்லவில்லை. நான் எதை வாங்க?