புதுப்பிப்பு: கடைசியில் பாம் எம்105 வாங்கிவிட்டேன்

பகலில் கும்பகோணத்தில் கல்லூரி, சாயங்காலம் திருவிடைமருதூரில் மாமாவின் உரக்கடை. இரண்டுக்கும் சேர்த்து, குறிப்பும் கணக்கும் எழுதிவைக்க எந்தக் கையடக்கக் கருவி வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சார்ஜ் ஏற்றுவதா, பேட்டரி மாற்றுவதா என்பதில்தான் குழப்பம்.

இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும் பாம் எம்105 எடுத்தேன், பழையதுதான். கரண்ட் போனாலும் கவலையில்லை. 8 எம்பி நினைவகம் எனக்குத் தாராளம்.

எழுதுவதுதான் முதல் வாரம் படுத்தியது. திரையில் குச்சியால் எழுதும் இதன் எழுத்துமுறையான கிராஃபிட்டியில் ஆங்கில ‘ஏ’ போட நடுக்கோடு கூடாது, கூரை மாதிரி ஒரே இழுப்பு. இப்போது கை பழகிவிட்டது. நேற்று ஒரு பெரியவர், “ஒரு மூட்டை யூரியா போடு, குறுவை அறுத்ததும் தர்றேன் தம்பி” என்றார். அவர் சைக்கிளில் மூட்டையைக் கட்டி முடிப்பதற்குள் கணக்கை ஏற்றிவிட்டேன். பெயரைத் தமிழில் எழுத முடியாததுதான் மனசுக்குக் கஷ்டம்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பேட்டரி அடியோடு தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மாற்றும்போதும் ஒரு நிமிடத்துக்குள் புதுசைப் போட்டுவிட வேண்டும். நான் முதலில் ஹாட்சிங்க் செய்து, அதாவது உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் பேட்டரி மூடியையே தொடுகிறேன்.