ஓட்டாகோ கரையில் கடல் சிங்கங்கள்

கடல் சிங்கங்களைப் படமெடுத்தது பற்றி இங்கே கலிஃபோர்னியா, கலாபகோஸ் அனுபவங்கள் நிறைய வந்துவிட்டன. என் பங்குக்கு நியூசிலாந்து. டனீடின் நகரத்துக்குப் பக்கத்தில், ஓட்டாகோ தீபகற்பத்தில் சாண்ட்ஃபிளை பே என்றொரு கடற்கரை. மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி உயரமான மணல்மேட்டில் இறங்க வேண்டும். இறங்குவது சுகம்தான், கேமரா பையோடு திரும்ப ஏறும்போது தெரியும் சேதி.

கரை ஒதுங்கிய மரக்கட்டை என்று நினைத்துக் கடந்து போகவிருந்தோம். கட்டை முன்துடுப்பால் மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டது! ஆண். கரும்பழுப்பு உடம்பு, தடித்த கழுத்தில் பிடரி. பெண்கள் வெளிர்நிறம் என்பதால் மணலோடு மணலாகக் கிடக்கும், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அங்கே குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். ஆனால் இந்த விதி கடல் சிங்கங்களுக்குத் தெரியாதே! இரண்டு இளம் ஆண்கள் ஒன்றின் கழுத்தை ஒன்று கவ்வி முட்டிமோதிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தன. காதுமடல் இல்லாத சீல்கள் மாதிரி வயிற்றால் நகர்வதில்லை. பின்துடுப்பை முன்னால் மடக்கி ஊன்றி நடக்கும், ஓடவும் செய்யும். நாம் ஓடக் கூடாது, நிதானமாகப் பின்வாங்க வேண்டும். அதனால் கீழ்க்கோணம் வேண்டுமென்று குப்புறப் படுத்து எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முழங்கால் போட்டாலே போதும், சட்டென்று எழலாம். செல்ஃபிக்காகக் கிட்டே போன ஒருவரைப் பார்த்து ஒன்று வாயைப் பிளந்தது. மனிதர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

தூரத்தைக் கிட்டே இழுக்கும் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் தாராளம். சிக்கல் வெளிச்சத்தில்தான். பளீரென்ற மணலில் நனைந்த கருப்பு உடம்பு; கேமராவை அதன் போக்கில் விட்டால் முகம் வெறும் கரித்துண்டு. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) ஏற்றினால் ரோமம் தெரியும், மணல் வெளுத்துவிடும். மேகம் மூடும்வரை காத்திருந்து எடுத்தவைதான் தேறின. கண்ணில் ஒரு பொட்டு ஒளி விழுந்தாலே முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. காற்றில் மணல் பறக்கும், அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள்.

வேட்டையாடியே இவற்றை நியூசிலாந்தின் பிரதான நிலப்பகுதியிலிருந்து துடைத்திருந்தார்கள். நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, 1993-இல் ஒரு பெண் கடல் சிங்கம் ஓட்டாகோ கரையில் குட்டி போட்டது. இன்று அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை அதன் வம்சம். நாங்கள் பார்த்த முரடர்களும் பேரன், கொள்ளுப்பேரன்களாக இருக்கலாம்.

தாய்கள் குட்டிகளைக் கரையிலிருந்து உள்ளே, புதர், காடு என்று கூட்டிப்போய் ஒளித்துவைக்கும். அதைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. டனீடினுக்குத் தெற்கே உள்ள கேட்லின்ஸ் பக்கம் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள், எந்த மாதம் என்பதையும் சேர்த்து.