கொள்ளிடப் படுகைப் பூங்காவை வெள்ளத்தில் இழந்தோம்: அதே இடத்தில் மீண்டும் மரம் நடலாமா?

கேள்வி: கொள்ளிடக்கரைவாசி
ஊரார் நட்டு வளர்த்த புங்கனும் நாவலும் நிழல் தந்த எங்கள் படுகைப் பூங்கா, மேட்டூர் உபரிநீர் பெருக்கெடுத்த நாட்களில் கரையோடு அரிக்கப்பட்டுப் போய்விட்டது. ஆடிப்பெருக்கன்று சித்திரான்னங்களோடு குடும்பங்கள் கூடியதும், மாலைகளில் முதியவர்கள் மீன்கொத்தியைப் பார்த்தபடி அமர்ந்திருந்ததும் அங்கேதான். பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தப் பக்கம் போக மறுக்கிறார்கள். மீண்டும் அங்கேயே மரம் நடலாமா?

பதில்: பாசனப் பொறியாளர்
உங்கள் துயரம் புரிகிறது. ஆயினும், காவிரியின் மிகுதி நீரை முக்கொம்பிலிருந்து ஏற்றுச் செல்லும் வெள்ள வடிகாலே கொள்ளிடம் என்பதை மறக்கலாகாது. 2018 ஆகஸ்டில் அங்குள்ள மேலணையின் மதகுகளே உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. மணல் அள்ளி ஆழமாக்கப்பட்ட ஆற்றில் கரையின் அடிப்பகுதி முதலில் சரிவதால், மேலே நிற்கும் மரங்களால் அதைத் தடுக்க இயலாது. இருக்கைகளையும் நடைபாதையையும் கரைக்கு வெளியே அமையுங்கள்.

பதில்: தாவரவியல் ஆசிரியை
இருக்கைகளைப் பற்றிச் சொன்னது சரி. படுகையை வெறுமையாக விடுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. ஆற்றங்கரைக்கே உரிய நீர்மருது வெள்ளத்தைத் தாங்கும். சரிவில் வெட்டிவேர் நட்டால், அதன் வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக ஆழ இறங்கி மண்ணைப் பிடிக்கும். (அழகுபடுத்துகிறோம் என்று சிமெண்ட் தளம் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.)

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. வெளிப்புறப் புறம்போக்கில் பூங்காவும், சரிவில் வெட்டிவேரும் என நீர்வளத்துறைக்கு மனு எழுதுகிறோம். நாவல் கன்றுகளைப் பூங்காவிலேயே நடுவோம். எக்கல் படிந்த இடத்தில் நாணல் தானாகவே முளைத்திருக்கிறது, அதை யாரும் தொடப்போவதில்லை.