போர்டு நடுவில் செம்பு போகவில்லை, ஓரத்தில் டிராக் அறுந்துவிடுகிறது

கேள்வி:
டோனர் டிரான்ஸ்ஃபர் முறையில், அதாவது லேசர் பிரிண்டரில் கிளாஸி பேப்பரில் அச்சடித்த டோனரைச் சூடாக்கிச் செம்பு பூசிய போர்டில் ஒட்டி, பிசிபி (சர்க்யூட் போர்டு) செய்கிறேன். டோனர் மூடாத செம்பைக் கரைக்கப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியும் நடுவில் திட்டுத்திட்டாகச் செம்பு நிற்கிறது, சரி அதுவும் போகட்டும் என்று விட்டுவைத்தால் அதற்குள் ஓரத்தில் இருக்கும் 0.3 மிமீ டிராக்கெல்லாம் (செம்புக் கோடுகள்) அரித்து அறுந்துவிடுகிறது. கரைசல் பழையதுதான், ஆனால் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. புதுசு வாங்கினால் சரியாகுமா?

பதில்:
அவசரப்பட்டு வாங்காதீர்கள். கரைசல் தீர்ந்திருந்தால் போர்டு முழுக்கவே மந்தமாகத்தான் அரிக்கும், நிறமும் கரும்பச்சைக்கு மாறியிருக்கும். திட்டுத்திட்டாக நிற்கிறதென்றால் அங்கே மேலே ஏதோ படிந்திருக்கிறது. விரல் எண்ணெயாக இருக்கலாம், ஆனால் என் சந்தேகம் காகிதத்தின் மேல்தான். கிளாஸி பேப்பரின் பூச்சு டிராக்குகளுக்கு இடையில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது.

போர்டைப் பத்து விநாடி முக்கி எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். சுத்தமான செம்பு பளபளப்பு போய் மங்கலான இளஞ்சிவப்பாகிவிடும், பூச்சு இருக்கும் இடம் மட்டும் மின்னிக்கொண்டே இருக்கும். அடுத்த போர்டில் டோனர் ஒட்டுவதற்கு முன்பே செம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவ வேண்டும்.

இன்னொரு பதில்:
அது சரி, ஆனால் ஓரம் முந்துவதற்குக் காரணம் வேறு. கிண்ணத்தை ஆட்டாமல் வைத்தால் நடுவில் வேலை முடிந்த கரைசலே தேங்கிக் கிடக்கும், ஓரத்துக்கு மட்டும் புதுசு வந்துகொண்டிருக்கும். விடாமல் ஆட்டுங்கள், கிண்ணத்தை வெந்நீர்த் தட்டில் வைத்துக் கரைசலை 40–45 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். அரிப்பு கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் தின்னும்; செம்பு 35 மைக்ரான்தான் என்றாலும் நேரம் கூடக் கூட டிராக் இளைத்துக்கொண்டே போகும். இடமிருந்தால் 0.5 மிமீ வையுங்கள், காலியிடத்தில் செம்பை அப்படியே விட்டு கிரவுண்டாக (சர்க்யூட்டின் பொது இணைப்பு) ஆக்கிவிடுங்கள், கரைக்க வேண்டிய செம்பே குறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
முக்கிப் பார்த்தேன், ஐசி (சிப்) கால்கள் வரும் இடங்களுக்கு நடுவே அப்படியே மின்னுகிறது! அசிட்டோன் போட்டுத் துடைக்கலாமா?

பதில்:
ஐயோ வேண்டாம், டோனரும் சேர்ந்து வந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷால் டிராக் போகும் திசையிலேயே மெதுவாகத் தேயுங்கள். எங்கேயாவது டோனர் பெயர்ந்தால் பெர்மனன்ட் மார்க்கரால் தொட்டுவிட்டு மறுபடி முக்கலாம். அப்புறம், கரைசல் தீர்ந்ததும் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், அதில் இருப்பது கரைந்த செம்பு. பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்து ரசாயனக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். உலோக டப்பா என்றால் அதையே தின்றுவிடும்.