லீவுல படிச்சுக் காட்ட மிருக நண்பர்கள் படப்புத்தகம்: ஆறு வயசுக்கும் மூணரை வயசுக்கும் எது சரியா வரும்?

பூவரசம்பூ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், ஒரு ஐடியா வேணும். வீட்ல ரெண்டு பேரு, பெரியவளுக்கு ஆறு முடியப்போகுது சின்னவனுக்கு மூணரை. லீவு விட்டு நாலு நாள்தான் ஆச்சு அதுக்குள்ள பெரியவ முகமே வாடிப்போச்சு, அவளோட உயிர்த்தோழி லீவுக்கு பாட்டி வீட்டுக்குப் போயிட்டா, திரும்பி வர மூணு வாரமாகும். காலைல கண்ணு முழிச்சதும் "இன்னும் எத்தன நாளு"ன்னுதான் முதல் கேள்வி. சரி ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி மிருகங்க நண்பர்களா வர்ற படப்புத்தகம் நாலஞ்சு படிச்சுக் காட்டலாம்னு நெனச்சேன், லீவு, குளிர்காலம், பண்டிகைன்னு அந்த மாதிரி சமயத்துல நடக்கற கதையா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.

ஏற்கனவே எடுத்த ரெண்டும் சரியா வரல. ஒண்ணுல அணில், முயல் எல்லாம் அவ்ளோ அழகு ஆனா கதைன்னு ஒண்ணுமே நடக்கல, பக்கத்துக்குப் பக்கம் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. இன்னொண்ணுல கடைசிப் பக்கம் "ஆகவே குழந்தைகளே"ன்னு ஆரம்பிச்சு பகிர்ந்துக்கணும், விட்டுக்கொடுக்கணும்னு ஒரு பாரா முழுக்க அறிவுரை, அந்த இடம் வந்ததும் பெரியவ புக்கை மூடி வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டா. இந்த மாதிரிக் கதையெல்லாம் படிச்சா நெஜமாவே குழந்தைங்க நல்லா பழகக் கத்துக்குமா இல்ல அது நாமளா நெனச்சுக்கறதா? ரெண்டு பேருக்கும் ஒரே புக்கு படிக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கூழாங்கல் எழுதியது:

பூவரசம்பூ, உங்க பெரியவளுக்கு இப்போ காத்திருக்கிற கதைதான் வேணும்னு எனக்குத் தோணுது. நண்பன்னா எப்பவும் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கிற கதைய விட நண்பன் இல்லாத நேரத்துல மனசு என்ன பண்ணுதுன்னு சொல்ற கதை.

ஆர்னால்ட் லோபெல் எழுதி அவரே படமும் வரைஞ்ச, தவளையும் தேரையும் நண்பர்களா வர்ற ஃப்ராக் அண்ட் டோட் வரிசைல 1976ல வந்த ஒரு புக்கு இருக்கு, ஃப்ராக் அண்ட் டோட் ஆல் இயர்னு பேரு. வருஷத்தோட ஒவ்வொரு காலத்துக்கும் ஒண்ணுன்னு அஞ்சு குட்டிக் கதை, குளிர்காலத்துல ஆரம்பிச்சு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரில முடியும். அந்தக் கடைசிக் கதைக்காகவே சொல்றேன். தேரை எல்லாம் தயார் பண்ணி வெச்சுட்டு தவளைக்காகக் காத்துட்டு இருக்கும், தவளை வரக்காணோம், வீட்டுக் கடிகாரம் வேற ஓடல, மணி என்னன்னே தெரியாது. உடனே தேரையோட மனசு ஓட ஆரம்பிச்சுடும், குழில விழுந்திருக்குமோ, காட்டுல வழி தவறியிருக்குமோ, பெரிய மிருகம் ஏதாவது துரத்துதோன்னு. கயிறு, லாந்தர், தோசைக்கல்லு மாதிரி ஒரு சட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு காப்பாத்தக் கெளம்பும், வாசல்லயே தவளை நிக்கும். லேட்டானதுக்குக் காரணம் பரிசைச் சுத்திக்கிட்டு இருந்துச்சாம். பரிசு என்னன்னா ஒரு புதுக் கடிகாரம். எனக்கு அந்த எடம் எத்தன தடவ படிச்சாலும் தொண்டை அடைக்கும்.

அதே புக்குல எலை உதிர்ற காலத்துக் கதை ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம மத்ததோட வீட்டுல போய் சருகைக் கூட்டிக் குவிச்சுட்டு வரும், பின்னாடியே காத்து வந்து எல்லாத்தையும் கலைச்சுடும். ரெண்டுக்குமே அது தெரியாது, சந்தோஷமா தூங்கப் போயிடும். அறிவுரைன்னு ஒரு வரி கூட இல்ல பாருங்க.

நம்ம மொழில தவளை தனி தேரை தனின்னு ரெண்டு பழைய வார்த்தை இருக்கறது எவ்ளோ வசதி, நான் இங்கிலீஷ் புக்கப் பாத்து தமிழ்லயே சொல்லிக்கிட்டுப் போவேன், "கல்லுக்குள்ள இருக்குமே அந்தத் தேரை"ன்னு சொன்னா கண்ணு விரியும். ஒண்ணு மட்டும், இது புதுசா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களுக்குன்னு பண்ணின புக்கு, பெரிய படமா பக்கம் முழுக்க இருக்காது, சின்னவன் பாதில எழுந்து போனா விட்டுடுங்க.

ஆந்தைவிழி எழுதியது:

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாருங்க. குளிர்கால புக்குன்னாலே பெங்குவினும் பனிக்கரடியும் தோள்ல கை போட்டுக்கிட்டு ஸ்கேட்டிங் போற படம் நெறைய வருது. பனிக்கரடி இருக்கறது வட துருவத்துப் பக்கம், பெங்குவின் கிட்டத்தட்ட எல்லாமே பூமியோட தெக்குப் பாதில, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவே வழியில்ல. என் பையன் அஞ்சு வயசு வரைக்கும் ரெண்டும் ஒரே ஊருன்னு நெனச்சுட்டு இருந்தான், அது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. கதைல பேசறது, சட்டை போடறதெல்லாம் சரி, அது கற்பனைன்னு குழந்தைக்கே தெரியும், ஆனா எங்க வாழுதுங்கறத அப்படியே நெஜம்னு எடுத்துக்குதுங்க.

வண்டி இழுக்கிற கலைமான் வந்தா அதுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்லலாம். ஆண் கலைமானுக்குக் கொம்பு பொதுவா குளிர்கால ஆரம்பத்துலயே விழுந்துடும், பெண்ணுக்கு குட்டி போடற வசந்தகாலம் வரைக்கும் இருக்கும். அப்போ பனில கொம்போட ஓடற கலைமான் படத்தப் பாத்தா அது பெரும்பாலும் அம்மாவா இருக்கலாம்னு சொல்லிப் பாருங்க, பெரியவளுக்குப் பிடிக்கும்.

பாலர்வகுப்பு எழுதியது:

நான் மழலையர் வகுப்புல பல வருஷம் இருந்தவ. பூவரசம்பூ கேட்ட அந்த ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், கதை படிச்சா கத்துக்குமான்னு. இத டொராண்டோ பல்கலைக்கழகத்துல சோதிச்சே பாத்திருக்காங்க, 2017ல வெளியாச்சு. 4ல இருந்து 6 வயசுப் பிள்ளைங்க, பகிர்ந்துக்கறதப் பத்தின ஒரே கதை, சில பேருக்கு மனுஷங்க வர்ற படத்தோட, சில பேருக்கு சட்டை போட்ட மிருகங்க வர்ற படத்தோட. படிச்சு முடிச்சதும் தங்கிட்ட இருக்கிற ஸ்டிக்கர இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பாங்களான்னு பாத்தாங்க. மனுஷங்க கதையக் கேட்டவங்க முன்ன விட அதிகமா கொடுத்தாங்க, மிருகக் கதையக் கேட்டவங்க கிட்ட அந்த மாற்றம் வரல. ஆனா அதே சோதனைல இன்னொண்ணும் தெரிஞ்சுது, மிருகத்த நம்மள மாதிரியே நெனைக்கிற பிள்ளைங்க மிருகக் கதை கேட்டும் நெறைய கொடுத்துச்சுங்க.

அதனால மிருகக் கதைய நிறுத்தணும்னு அர்த்தமில்ல. பகிர்ந்துக்கக் கத்துக்கொடுக்கறதுக்குன்னு மருந்து மாதிரி வாங்காதீங்க, அவ்ளோதான். சந்தோஷத்துக்குப் படிங்க. அதுக்கு மேல ஏதாவது வேணும்னா நீங்க கேக்கற ஒரு கேள்விலதான் இருக்கு, "தேரை பயந்துச்சே, உனக்கு எப்போவாவது அப்படி இருந்துச்சா"ன்னு. கேட்டுட்டு சும்மா இருக்கணும், நாமளே பதிலச் சொல்லிடக் கூடாது. என் வகுப்புல வாயே தொறக்காத பிள்ளைங்க அந்தக் கரடிக்கு என்ன ஆச்சுன்னு சொல்ற மாதிரி தன் வீட்டுக் கதைய சொல்லியிருக்குதுங்க. மனுஷக் கதைல அது நடக்காது, முகம் நேரா தெரிஞ்சுடும் இல்லையா.

ஆந்தைவிழி சொன்ன பெங்குவின் விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். தூரத்துல இருக்கிற ரெண்டு பேரு நண்பர்களாகற கதை இந்தக் குழந்தைக்குத் தேவைப்படலாம், படிச்சு முடிச்சுட்டு உலக உருண்டையக் காட்டினா போதும்.

முள்ளெலி எழுதியது:

சின்னவனுக்கு ஜான் பிரெட்டோட தி மிட்டன், 1989ல வந்தது, உக்ரைன் நாட்டுப்புறக் கதை. பனில தொலைஞ்ச ஒரு வெள்ளைக் கம்பளிக் கையுறைக்குள்ள அகழெலி, முயல், முள்ளெலி, ஆந்தை, நரின்னு ஒவ்வொண்ணா புகுந்துக்கும், கரடி கூட உள்ள போயிடும், கடைசில ஒரு சுண்டெலி வந்து கரடி மூக்கு மேல உக்காரும், தும்மல், எல்லாம் பறந்துடும். ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் அடுத்து யாரு வரப்போறாங்கன்னு ஒரு குட்டிப் படம் இருக்கும், படிக்கத் தெரியாத பிள்ளை நமக்கு முன்னாடி கதையச் சொல்லிடும், அதுதான் அதோட அழகே.

கெட்டி அட்டைப் பக்கம் வெச்ச போர்டு புக்கா கெடச்சா எடுங்க. அப்புறம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டா சலிச்சுக்காதீங்க, இந்த வயசுல வேற வேற புக்கு நெறைய கேக்கறத விட ஒரே கதைய மறுபடி மறுபடி கேட்டாத்தான் புது வார்த்தை நல்லா பதியும்.

பூவரசம்பூ எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு புக்கும் கெடச்சுது. தேரைக் கதைய படிச்சுட்டு பாலர்வகுப்பு அக்கா சொன்ன மாதிரி கேட்டுட்டு சும்மா இருந்தேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் மெதுவா "அவ அங்க புதுசா யாரையாவது ஃப்ரெண்டாக்கிட்டாளோ"ன்னா. இத்தன நாளா எத்தன நாளு எத்தன நாளுன்னு கேட்டது இதுக்குத்தான் போல, எனக்கு அது தோணவே இல்ல. மறுநாள் அட்டைல ஒரு கடிகாரம் வெட்டி முள்ளு ரெண்டும் ஒட்டி தோழி வந்ததும் கொடுக்கணும்னு பத்திரமா வெச்சிருக்கா.

சின்னவன் தலகாணி உறைக்குள்ள பொம்மையெல்லாம் திணிச்சு தும்மிக்கிட்டே இருக்கான். ஆனா ஒரு கேள்வி கேக்கறான், நரி வந்தப்போ முயல் ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு. என்ன சொல்றது?

முள்ளெலி எழுதியது:

நரியோட பளபளக்கிற பல்லப் பாத்துட்டு எல்லாரும் நகந்து நல்லா எடம் விட்டாங்கன்னு அந்தப் பக்கத்துலயே வரும், திரும்ப அந்த வரியப் படிச்சுக் காட்டி முயலோட மூஞ்சிய மட்டும் பாக்கச் சொல்லுங்க. அவன் என்ன சொல்றான்னு இங்க வந்து எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.