பொருள்: சவுண்ட்பாக்ஸுக்கு ‘வரவுசொல்லி’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் சொல்லாக்கக் குழுவில், ரொக்கம் தொடாமல் பணம் செலுத்துவது தொடர்பான மூன்று ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தார்கள். முதலாவது கேஷ்லெஸ். இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ‘பணமில்லாப் பயணம்’ என்று எழுதினால், பையில் பைசா இல்லாமல் பஸ் ஏறிக் கண்டக்டரிடம் மாட்டிக்கொண்டவன் கதை போல இருக்கிறது. பணம் இருக்கிறது, தாளும் சில்லறையும்தான் இல்லை. ‘ரொக்கமில்லா’ போதும். இரண்டாவது க்யூஆர் கோட். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கிய கட்டம் அது. சட்டென்று படிக்க முடிவதுதான் அதன் பெருமை. ‘விரைவுக்குறி’ எனக்குச் சம்மதம்.

மூன்றாவதுதான் ருசியானது. காசு வந்ததும் கடையில் குரல் கொடுக்கிற சவுண்ட்பாக்ஸ். ‘பணவரவு ஒலியறிவிப்புக் கருவி’ என்று ஒருவர் தந்தார். ‘தானியங்கிப் பணம் வழங்கும் இயந்திரம்’ எத்தனை பேர் வாயில் நுழைந்தது? ஏடிஎம் ஏடிஎம்மாகவே நிற்கிறது. ‘பேசும் கல்லா’ கேட்க அழகு. ஆனால் அந்த டப்பாவில் காசு விழுவதே இல்லை, அது பாங்குக்குப் போகிறது. (தனியாக எழுதினால் ‘பேசும் கல்லா?’ என்று கேள்வியாகவும் படித்துவிடுவார்கள்.) ‘கட்டியக்காரன்’ என்ற யோசனையை ரசித்தேன். ஆனால் கூத்தில் கட்டியக்காரன், ராஜா வருவதற்கு முன்னால் வந்து சொல்கிறவன். இது காசு வந்த பிறகுதான் வாய் திறக்கும்.

அந்தப் ‘பிறகு’ எவ்வளவு முக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன் சந்தையில் தெரிந்தது. சங்கரா ஒரு கிலோ, 400 ரூபாய். அனுப்பினேன். என் போனில் பச்சை டிக் வந்துவிட்டது. மீன்கார அம்மா பையைக் கொடுக்கவில்லை. கை முழுக்கச் செதிலும் ஐஸ் தண்ணீரும். போனைத் தொடவே முடியாது. டப்பாவைப் பாலிதீன் பையில் போட்டுக் குடைக் கம்பியில் கட்டியிருந்தார். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. போனை நீட்டிக் காட்டினேன்.

“உன் போன் சொல்றது எனக்கு இன்னாத்துக்கு கண்ணு? என் டப்பா சொல்லணும்.”

இரண்டு நிமிடம் நின்றேன். பின்னால் நின்றவர் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்புறம் டப்பா, ‘நானூறு ரூபாய்’ என்றது. “ஆங், சொல்லிச்சு, எட்டுத்துனு போ.”

அந்த டப்பாவுக்குள் தனி சிம் கார்டு இருக்கிறது. பணம் வந்தது உறுதியானதும் சேவை நிறுவனத்தின் சர்வரிலிருந்து நேரே அதற்குச் செய்தி வரும். பணம் அனுப்புகிறவரின் போனோடு அதற்குப் பேச்சே இல்லை. அதனால்தான் போலி ஸ்கிரீன்ஷாட் அங்கே செல்லாது. அந்த அம்மா சொன்னதும் இதைத்தான், என்னைவிடச் சுருக்கமாக.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடையிலும் மண்ணடி டீக்கடையிலும் காது கொடுத்துப் பாருங்கள், “சொல்லிச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். வினைச்சொல் தெருவிலேயே தயாராக இருக்கிறது. கணக்கு நோட்டிலிருந்து ‘வரவு’ எடுத்து ஒட்டினேன்: வரவுசொல்லி. கதைசொல்லி போல.

– தண்டையார்பேட்டையிலிருந்து

*

தம்பி,

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். பூச்சிக்கொல்லியில் ஒற்று மிகுகிறதே, இங்கே ஏன் மிகவில்லை? அடுத்து, பஸ்ஸில் கண்டக்டர் மிஷினில் க்யூஆர் காட்டுகிறார். அங்கே குரல் ஒன்றும் வருவதில்லையே, அதை என்ன சொல்வது?

வங்கியில் பேரேடு என்கிற பெரிய கணக்குப் புத்தகம் எழுதிக் கைதேய்ந்தவன் நான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உன் கணக்கில் கழிந்தும் அந்த அம்மாவுக்கு வராமல் இரண்டு நிமிடம் நின்றதே, அந்தப் பணத்துக்குப் பெயர் என்ன? ரிசர்வ் வங்கி 2019-இலேயே இதற்குக் கெடு வைத்திருக்கிறது. யுபிஐ-யில் ஆளுக்கு ஆள் அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், கடைக்குச் செலுத்தியதென்றால் ஐந்து நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. விதி இருக்கிறது, தமிழில் பெயர்தான் இல்லை. கணக்கியலில் இனம் தெரியாமல் நிற்கும் தொகையை ‘அனாமத்துக் கணக்கு’ என்போம். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

– ராயபுரத்திலிருந்து

*

ஐயா, வணக்கம்.

ஒற்று விஷயத்தில் எனக்குக் கதைசொல்லிதான் துணை. ‘வரவுச்சொல்லி’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ‘வரவுச்சொல்’ என்று ஏதோ அகராதிப் பதிவு போலக் கேட்கிறது. இலக்கணம் படித்தவர்கள் திருத்தினால் தலை வணங்குகிறேன்.

பஸ்ஸில் காசு சேர்ந்ததும் மிஷின் டிக்கெட்டைத் துப்புகிறது. அங்கே சீட்டே சாட்சி, தனிச்சொல் தேவையில்லை. 2021-இல் விம்கோ நகர் வரை வந்துவிட்ட மெட்ரோவிலும் அப்படித்தான், கதவு திறந்தால் கணக்கு முடிந்தது. வரவுசொல்லி கடைக்கு மட்டும் இருக்கட்டும்.

ஆனால் ‘அனாமத்து’ வேண்டாம் ஐயா. பேரேட்டில் அது சரி. எங்கள் பக்கம் ‘காசு அனாமத்தா போச்சு’ என்றால் திரும்பி வராது என்று அர்த்தம். நடுவில் நிற்கிற 400 ரூபாயை அந்த அம்மாவிடம் அப்படிச் சொன்னால், மீனைத் திரும்பக் கூடையில் போட்டுவிடுவார். ‘தொங்குது’ என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘தொங்கல் தொகை’ என்று வைத்துப் பார்க்கலாமா? நீங்களே தனித் தலைப்பில் தொடங்குங்கள், பேரேட்டு உதாரணங்களோடு.

– தண்டையார்பேட்டையிலிருந்து