பனைமரத்தை வைத்து ஒரு பாடம்: யோசனை சொல்லுங்களேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை ஓய்வுநாள் பள்ளியில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த முறை படத்தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, வெளியே கூட்டிப்போய்ப் பனைமரத்தைக் காட்டலாம் என்று ஆசை. 'நீதிமான் பனையைப்போல் செழித்து' என்கிறது சங்கீதம் 92:12. புதைத்து வைத்த பனங்கொட்டை ஒன்றைப் போன வாரம் தோண்டிப் பார்த்தேன். மேலே இலை தலைகாட்டவே இல்லை. கீழே கிழங்கு ஒரு முழம் இறங்கியிருந்தது! பிள்ளைகள் கையாலேயே தோண்டட்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு சிக்கல். எபிரெய மூலத்தில் அந்த மரம் 'தாமார்', அதாவது பேரீச்சை. இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லவா, விடவா? அப்புறம், கடுகுவிதை உவமைக்கு அஞ்சறைப்பெட்டிக் கடுகையே காட்டினால் சரியா? இப்படி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். வரும் ஞாயிறே வகுப்பு.